ஏழாம் கேள்வி

அந்தப் பிரசவ மருத்துவமனையில் அவளுக்குக் கொசு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அடையாள அட்டையில் இருக்கிறது, ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் சம்பளப் பிரிவில் இருக்கும் இரண்டு பேர்தான். இருபத்திரண்டு வருடமாக அவள் பார்க்கிற வேலை ரத்தம் எடுப்பது, அவ்வளவுதான் காரணம். எக்ஸ்ரே எடுக்கிறவர் ஒருவர் விளையாட்டாக வைத்த பட்டப்பெயர். அவரோடு மூன்று மாதம் அவள் பேசவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தாள், பெயர் ஒன்றும் பொய்யில்லையே என்று தோன்றியது. அதற்குப் பின் பயந்து கையை இழுத்துக்கொள்ளும் பெண்களிடம் அவளே சொல்வாள்: "நீட்டுங்கம்மா, என் பேரே கொசுதான். கடிச்சதே தெரியாது."

உண்மையிலேயே தெரியாது. மற்றவர்கள் மூன்று இடத்தில் குத்தி, முடியாமல், கை வீங்கிய பிறகு அவளிடம் அனுப்புவார்கள். அவள் இரண்டு விரலால் தொட்டுப் பார்ப்பாள், கண்ணால் தேடமாட்டாள். ஒரே குத்து. அதற்கு முன் குத்தியவர்களைத் திட்டுவதற்கு மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வாள். சிலருக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்பார்கள். கொசுவுக்கு அது அங்கே நிற்பதில்லை, நேராக வாய்க்கு வந்துவிடும். டாக்டர்கள் உட்பட எல்லோரும் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான்.

தரைத்தளத்தில், மருந்துக் கடையைத் தாண்டி, படிக்கட்டுக்கு அடியில் அவள் அறை. சாய்ந்த கூரை, ஒரு மேசை, கை வைக்கும் பலகை பூட்டிய ஒரு நாற்காலி, எதிரே ஒரு ஸ்டூல். கூடவே, எப்போது போனாலும் வாசலில் பன்னிரண்டு பேர்.

அந்த அறைக்கு ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு புது டெஸ்ட் வந்தது. வயிற்றில் இருக்கும் பிள்ளையின் குரோமோசோம் கணக்கு சரியாக இருக்கிறதா என்று தாயின் கையிலிருந்து ரத்தம் எடுத்தே பார்த்துவிடலாம், வயிற்றில் ஊசி போட வேண்டியதில்லை. பிள்ளையின் நச்சுக்கொடியிலிருந்து உதிரும் நுண்ணிய துணுக்குகள் தாயின் ரத்தத்தில் மிதக்கின்றன, அவற்றைப் பிடித்துப் பார்க்கிறார்கள். பத்து வாரம் முடிந்தால் போதும். கொசுவுக்கு அந்த டெஸ்ட் பிடித்திருந்தது. அதற்கென்று இரண்டு தனிக் குழாய்கள். ரத்தம் நிறைந்ததும் பத்துத் தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கக் கூடாது, குளிர்பெட்டியில் வைக்கக் கூடாது. பக்கத்தில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் "எண்ணிட்டிருக்கேன்ல?" என்று அதட்டுவாள்.

அவளுக்குப் பிடிக்காதது அதன் கூடவே வருகிற படிவம். பன்னிரண்டு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். ரத்தம் ஏற்றியிருக்கிறார்களா, உறுப்பு மாற்றியிருக்கிறார்களா, புற்றுநோய் உண்டா என்று போகும். வருகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு எல்லாமே இல்லைதான். வாசலில் பன்னிரண்டு பேர் நிற்கும்போது யார் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பது? அதனால் அவள் ஒரு வழி வைத்திருந்தாள். இல்லை என்ற வரிசையில் மேலிருந்து கீழே பேனாவால் ஒரே இழுப்பு. பன்னிரண்டு கேள்விக்கும் ஒரு கோடு. மேலே தொலைபேசி எண், கீழே கையெழுத்து, முடிந்தது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுத்தாள்.

முடிவு பத்துப் பன்னிரண்டு நாளில் நேராகப் படிவத்தில் இருக்கும் எண்ணுக்கு வரும். பெரும்பாலும் பச்சை. எப்போதாவது ஒன்று சிவப்பு: அதிக வாய்ப்பு. அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும், இது நோய் என்று உறுதி செய்யும் பரிசோதனை அல்ல, உறுதி செய்ய வேறு பரிசோதனை தேவை என்று. அந்த வரியைப் படித்தவர்களைக் கொசு விரல் விட்டு எண்ணிவிடுவாள். சிவப்பைப் பார்த்த மாத்திரத்தில் குடும்பம் கூடிவிடும், தீர்ப்பு சொல்லிவிடும். பத்து பேர் கூடிய அந்தக் கூட்டத்தில் வயிற்றைச் சுமக்கிறவள் பதினொன்றாவது ஆளாக மூலையில் உட்கார்ந்திருப்பாள். இதைப் பார்க்கும்போதெல்லாம் கொசுவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பற்றிக்கொண்டு வர அவளுக்குச் சொந்தக் காரணமும் உண்டு. சிவப்பில் அடிக்கடி வருவது டவுன் சிண்ட்ரோம். அவள் தம்பிக்கு அதுதான். முப்பத்தெட்டு வயது. ஒரு செருப்புக் கிடங்கில் அட்டைப் பெட்டி மடிக்கிறான், ஒரு நாளைக்கு நானூறு பெட்டி. அவனைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறவர்களையும் அவளுக்கு ஆகாது, தெய்வக் குழந்தை என்று கன்னத்தைத் தடவுகிறவர்களையும் ஆகாது. தெய்வமாவது ஒன்றாவது. பிடிவாதக்காரன், டிவி ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கிறவன், பஸ் ஐந்து நிமிடம் தாமதமானால் கண்டக்டரிடம் சண்டைக்குப் போகிறவன். கோபத்தில் அக்காவுக்குத் தம்பி தப்பாமல் பிறந்திருக்கிறான். அவளைப் பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டாரும் அவனைப் பார்த்ததும் யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள். இருபது வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதற்காக எல்லோரும் கட்டாயம் பெற்றுத்தான் ஆக வேண்டும் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அம்மா பட்ட பாட்டை அவள் கூடவே இருந்து பார்த்தவள். வேண்டும் என்பதோ வேண்டாம் என்பதோ சுமக்கிறவள் முடிவு, ஆனால் முழு விவரமும் தெரிந்து முடிவெடுக்கட்டும் என்பதுதான் அவள் கட்சி. அந்தக் கட்சியில் அவள் ஒருத்திதான் உறுப்பினர் போல இருந்தது.

கண்ணாடிக்கடைப் பெண் வந்தது ஒரு திங்கட்கிழமை. கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை அவளுக்கு. இருபத்தொன்பது வயதிருக்கும். கல்யாணமாகி ஐந்து வருடம் கழித்து முதல் கர்ப்பம், பதினோரு வாரம். கூடவே கணவன், லிஃப்ட் பழுது பார்க்கிறவன், பெல்ட்டில் டார்ச்சும் ஸ்பேனருமாக வேலைக்கு நடுவில் ஓடி வந்திருந்தான். அந்தப் பெண் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குழாயின் மேலிருந்த அளவுக் கோட்டைப் பார்த்தாள்.

"இந்தக் கோடு லேசா சாஞ்சிருக்குக்கா."

"உங்க கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். கையை நீட்டுங்க."

"இதுல என்னக்கா தெரியும்?"

கொசு வாயைத் திறப்பதற்குள் கணவன் முந்திக்கொண்டான். "எல்லாம் நல்லா இருக்கான்னு பாக்குறதும்மா. நீ ஒண்ணும் கவலப்படாத."

போன் நம்பர் கேட்டபோதும் அவன்தான் சொன்னான். "என் நம்பரையே போட்டுக்கோங்க. அவ கண்டதையும் பாத்துட்டுப் பயந்துப்பா." கொசுவுக்குச் சுருக்கென்றது. ஆனால் வாசலில் பன்னிரண்டு பேர். எழுதிக்கொண்டாள், பேனாவால் ஒரு இழுப்பு இழுத்தாள், குழாய்களைப் பத்துத் தடவை கவிழ்த்து நிமிர்த்தினாள். கண்ணாடிக்கடைப் பெண் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "கடிச்சதே தெரியல" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

பன்னிரண்டு நாள் கழித்து லிஃப்ட்காரன் தனியாக வந்தான். தனியாக என்றால் மனைவி இல்லாமல், அவளுடைய அம்மா கூட இருந்தார். மாப்பிள்ளையும் மாமியாரும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினார்கள். அவன் போனை நீட்டினான். சிவப்பு. டவுன் சிண்ட்ரோம், அதிக வாய்ப்பு.

"டாக்டரம்மாகிட்ட காட்டினீங்களா?" என்று கொசு கேட்டாள்.

"அவங்க பதினாறு வாரம் வரைக்கும் பொறுத்துப் பனிக்குடத் தண்ணி எடுத்துப் பாக்கணும்ங்கறாங்க," என்றார் அந்த அம்மா. "அதுவரைக்கும் வயித்துல வளர விட்டா எம்பொண்ணு தாங்குவாளா? இப்பவே முடிச்சுடலாம்னு இருக்கோம். வேற எடத்துல வியாழக்கிழமைக்குப் பேசியாச்சு."

"உங்க பொண்ணு என்ன சொல்றாங்க?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவகிட்ட சொல்லல," என்றான் அவன். "கொழந்தைக்கு மூச்சில்ல, இதயத் துடிப்பு நின்னுபோச்சுன்னு சொல்லலாம்னு. அப்படின்னா அவளுக்குக் குத்த உணர்ச்சி இருக்காது பாருங்க. உங்ககிட்ட ஒரு உதவிதான். உங்கமேல அவளுக்கு நம்பிக்கை. ரத்த டெஸ்ட்லயே தெரிஞ்சுடுச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா…"

கொசு எழுந்து நின்றாள். சாய்ந்த கூரையில் தலை இடித்தது, அது கூட அவளுக்கு உறைக்கவில்லை.

"துடிக்கிற பிள்ளைய துடிக்கலன்னு நான் சொல்லணுமா? நீ லிஃப்ட் மெக்கானிக்தானே? நடுவுல மாட்டிக்கிட்டவங்ககிட்ட, நீங்க மாட்டவே இல்ல, மொட்டை மாடில காத்து வாங்குறீங்கன்னு சொல்லுவியா?"

"மெதுவா பேசும்மா," என்றார் மாமியார். "அந்த மாதிரிப் பிள்ளைய வெச்சுக்கிட்டு ஒரு குடும்பம் என்ன பாடுபடும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா. இருபத்திரண்டு வருஷமா அந்த மாதிரி ஒருத்தனுக்கு முட்டையை உரிச்சுக் குடுத்துட்டு வேலைக்கு வர்றேன், எனக்கென்ன தெரியும்!"

அந்த அம்மாவின் முகம் வெளிறியது. கொசு நிறுத்தவில்லை. பொண்ணு வேண்டாம் என்றால் அவளே வந்து வேண்டாம் என்று சொல்லட்டும், நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன், ஆனால் அவளுக்குத் தெரியாமல் அவள் வயிற்றில் கை வைக்க நீங்கள் யார் என்று கத்தினாள். வாசலில் நின்ற பன்னிரண்டு பேரும் கேட்டிருப்பார்கள். லிஃப்ட்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவன் கெட்டவன் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுத் தூங்கப் போகலாம்.

"நான் அவளுக்காகத்தான் பண்றேன்," என்றான். "ஏற்கனவே ஒண்ணு போனதையே அவகிட்ட சொல்லாம நானே வெச்சுக்கிட்டேன். இதையும் நானே தாங்கிக்கறேன்."

"எது போனது?"

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். மாமியாருக்கும் அது புதுச் செய்தி என்று அவர் திரும்பிப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது.

மெல்ல மெல்ல வெளியே வந்தது. ஏழாவது வாரத்தில், வீட்டுக்குப் பக்கத்து ஸ்கேன் சென்டரில், வயிற்றில் இரண்டு பை தெரிந்திருக்கிறது. ரெட்டை. ஒன்றில் துடிப்பு இருந்தது, இன்னொன்றில் இல்லை. ஸ்கேன் எடுத்தவர் அவனை வெளியே கூப்பிட்டு, ஒன்று தானாகக் கரைந்துவிடும், இன்னொன்று நன்றாக இருக்கிறது என்றார். ஐந்து வருடம் ஏங்கியவளிடம் முதல் நாளே இதை எப்படிச் சொல்வது? அவன் உள்ளே போய், எல்லாம் நல்லா இருக்கு என்று சொன்னான். அவள் சந்தோஷத்தில் அழுதாள். அந்த ஸ்கேன் தாளை மடித்து அவளுடைய மருத்துவக் கோப்பின் அடியில் வைத்துவிட்டான்.

கொசு அலமாரியைத் திறந்து, படிவங்களின் மஞ்சள் நகல் கட்டை எடுத்து, அந்தத் திங்கட்கிழமையைத் தேடிப் பிடித்தாள்.

ஏழாம் கேள்வி: இந்தக் கர்ப்பத்தில் முதலில் ஒன்றுக்கு மேற்பட்ட கரு இருந்து, பின் ஒன்று கரைந்ததா?

இல்லை. அவள் பேனா, அவள் கோடு. மேலிருந்து கீழே நேராக, பிசிறில்லாமல் இருந்தது.

அந்தக் கேள்வி எதற்கு என்று அவளுக்குத் தெரியும். டெஸ்ட் வந்த புதிதில் ஒரு நாள் முழுக்க உட்கார வைத்து வகுப்பு எடுத்தார்கள். கரைந்து போன கருவின் துணுக்குகளும் தாயின் ரத்தத்தில் பல வாரம் மிதக்கும். குரோமோசோம் கோளாறு அந்தப் போன கருவில் இருந்திருக்கலாம், டெஸ்ட் அதையும் சேர்த்துப் படித்து, இருக்கிற பிள்ளையின் தலையில் சிவப்பு மையைக் கொட்டிவிடும். அப்படி ஒரு கர்ப்பம் என்று எழுதியிருந்தால் லேபிலிருந்து இந்த முடிவை இப்படி அனுப்பியே இருக்கமாட்டார்கள். வகுப்பில் அன்று கொடுத்த டீ கூட அவளுக்கு நினைவிருந்தது. பாடம்தான் வாசல் கூட்டத்தில் அடித்துக்கொண்டு போய்விட்டது.

அன்று அந்த நாற்காலிக்குப் பக்கத்திலேயே இவன் நின்றிருந்தான். கேட்டிருந்தால் இவன் முகமே சொல்லியிருக்கும். கோப்பு மேசை மேல் இருந்தது. புரட்டியிருந்தால் ஸ்கேன் தாள் கண்ணில் பட்டிருக்கும். இத்தனை நேரம் யாரைப் பார்த்து நீ யார் என்று கத்திக்கொண்டிருந்தாளோ, அந்த வரிசையில் முதலில் நிற்க வேண்டியவள் தானே என்று அவளுக்குப் பட்டது. அந்த அவமானம் கோபத்தை விட மோசமாக இருந்தது.

அந்த மஞ்சள் தாளைக் கிழித்துப் போட்டால் ஒருவருக்கும் தெரியாது. அந்த எண்ணம் அவளுக்கு வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். தாளை எடுத்துக்கொண்டு மாடிக்கு, டாக்டரம்மாவிடம் போனாள்.

டாக்டரம்மா படிவத்தைப் பார்த்தார், கோப்பின் அடியிலிருந்த ஸ்கேன் தாளை விரித்துப் பார்த்தார், தானும் கோப்பைப் புரட்டவில்லை என்பதை நினைத்து ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "எல்லாப் படிவமும் இப்படித்தானா?" என்று கேட்டார்.

"எல்லாம் இப்படித்தான்மா. ஆறு வருஷமா."

"வேலை போயிடும், தெரியுமா?"

"போகட்டும்மா. வியாழக்கிழமைக்குள்ள அந்தப் பொண்ணுக்குத் தெரியணும். அதை மட்டும் பாருங்க."

லிஃப்ட்காரன் வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். "சரி, அந்த எடத்துல வேணாம்னு சொல்லிடறேன். பதினாறு வாரம் வரைக்கும் பொறுக்கறோம். ஆனா ரெட்டை விஷயத்த மட்டும் சொல்லிடாதீங்க, டாக்டர். சும்மா இன்னொரு டெஸ்ட்னு சொல்லிடுங்க."

டாக்டரம்மா அதுவரை அதிர்ந்து பேசி யாரும் கேட்டதில்லை. அன்று பேசினார். இது அவருடைய நோயாளியின் வயிறு, அவருடைய நோயாளியின் தாள், இனி ஒரு விஷயம் அவளுக்கு முன்னால் வேறு ஒருவருக்குப் போகாது என்று சொல்லிவிட்டு, "அந்தப் பொண்ணுக்குப் போன் போடுங்க" என்றார் கொசுவிடம்.

போன் போட நம்பர் இல்லை. படிவத்திலும் கோப்பிலும் எங்கே பார்த்தாலும் கணவன் எண்தான். ஒரு மனுஷி வாரக்கணக்காக ஆஸ்பத்திரிக்கு வருகிறாள், அவளைக் கூப்பிட ஒரு எண் யாரிடமும் கிடையாது.

"அவ நம்பரக் குடு" என்று அவனிடம் கேட்கக் கொசுவுக்கு மனமில்லை. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த உச்சி வெயிலில் கடைத்தெருவுக்கு நடந்தாள். மூன்று சிக்னல் தள்ளி இருந்தது கண்ணாடிக் கடை. பின்பக்கத்தில் ஒரு ஆள் மட்டுமே நிற்கக்கூடிய அறை. தேய்க்கும் சக்கரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கடைப் பெண் லென்ஸை விளிம்பில் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"கொசு அக்கா! இங்கேயா?"

"மிஷினை நிறுத்தும்மா. உன்கிட்ட பேசணும். டாக்டரம்மா உனக்காகக் காத்திருக்காங்க, அதுக்கு முன்னாடி நான் பண்ணின தப்பை நானே சொல்லிடறேன்."

நின்றுகொண்டே சொன்னாள். சிவப்பு முடிவு, வியாழக்கிழமை, சொல்லவிருந்த பொய், முதல் ஸ்கேன், இரண்டு பை, ஏழாம் கேள்வி, தான் இழுத்த கோடு எல்லாவற்றையும். எதையும் பூசி மெழுகவில்லை. அந்த ரத்த முடிவை நம்பவும் முடியாது, தள்ளவும் முடியாது, பதினாறு வாரத்தில் தண்ணீர் எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும், அந்த ஊசியில் கொஞ்சம் ஆபத்தும் உண்டு, அதை டாக்டரம்மா விளக்குவார் என்றாள்.

அந்தப் பெண் அழவில்லை. கையிலிருந்த லென்ஸைத் துணியில் துடைத்தாள், மறுபடி துடைத்தாள்.

"ரெண்டா?" என்றாள்.

"ரெண்டும்மா."

"அவருக்கு எப்பத்துலேருந்து தெரியும்?"

"ஏழாவது வாரத்துலேருந்து."

"ஆறு வாரம். பக்கத்துல படுத்துக்கிட்டு." அவள் லென்ஸைத் தட்டில் வைத்தாள். "எங்கம்மாவும் கூடவா?"

"ரெட்டை விஷயம் அவங்களுக்கு இன்னிக்குதான் தெரிஞ்சுது. மத்ததுல அவங்களும் கூட்டுதான்."

"நான் என்னக்கா, பச்சக் கொழந்தையா? ஒரு நாளைக்கு நாப்பது கண்ணாடி தேய்க்கறேன், ஒண்ணு தப்பினாலும் ஒருத்தர் படியில தடுக்கி விழுவார். அந்தப் பொறுப்பெல்லாம் குடுப்பாங்க. என் வயித்துல என்ன நடக்குதுன்னு மட்டும் எனக்குத் தெரியக்கூடாது!" கொசுவை நேராகப் பார்த்தாள். "நீங்களும்தான். அன்னிக்கு இதுல என்ன தெரியும்னு உங்களைத்தான் கேட்டேன். அவரைக் கேக்கல. நீங்க பேசாம இருந்தீங்க."

"ஆமாம்மா" என்றாள் கொசு.

அன்று மாலையே கண்ணாடிக்கடைப் பெண் டாக்டரம்மாவுக்கு எதிரே தனியாக உட்கார்ந்து ஒரு மணி நேரம் கேள்வி கேட்டாள். கணவனையும் அம்மாவையும் உள்ளே விடவில்லை. வியாழக்கிழமை வந்தது, போனது, அவள் வேலைக்குப் போனாள். தண்ணீர் எடுத்துப் பார்ப்பேன், என்ன வந்தாலும் அடுத்தது என்ன என்று நான்தான் சொல்வேன் என்பதுதான் அவள் வீட்டில் பேசிய ஒரே வாக்கியம் என்று பின்னால் தெரிந்தது.

கொசுவிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். நான்கே வரி எழுதிக் கொடுத்தாள், அதில் மன்னிப்பும் இருந்தது, படிவத்தில் தாயின் சொந்த எண் இல்லாமல் இனி யாரும் ரத்தம் எடுக்கக் கூடாது என்ற உத்தரவு வேண்டும் என்ற சண்டையும் இருந்தது. அவளைப் பஞ்சும் ஊசியும் எண்ணும் ஸ்டோர் அறைக்கு மாற்றினார்கள். கூடவே, இருக்கிற மஞ்சள் நகல்களையெல்லாம் எடுத்து ஒவ்வொருவரையும் கூப்பிட்டுப் பன்னிரண்டு கேள்வியும் கேட்கும் வேலையையும் கொடுத்தார்கள். கேட்டாள். சிலருக்குப் பிள்ளை பிறந்து, அது பள்ளிக்கூடமே போக ஆரம்பித்திருந்தது. இன்னொரு ஏழாம் கேள்வி அதில் மாட்டுமோ என்று ஒவ்வொரு எண்ணையும் பயந்துகொண்டேதான் அழுத்தினாள். மாட்டவில்லை. அவள் கெட்டிக்காரத்தனத்தால் அல்ல, அதிர்ஷ்டத்தால்.

வீட்டில் தம்பி, "ஏன் உர்ருனு இருக்க?" என்று கேட்டான்.

"ஒரு தப்புப் பண்ணிட்டேன்டா."

"சாரி சொன்னியா?"

"சொன்னேன்."

"அப்ப ரிமோட்ட எடு, படம் போடப் போறான்," என்றான். ரிமோட் அவன் தலையணைக்கு அடியில்தான் இருந்தது.

மூன்று வாரத்தில் கொசுவைப் படிக்கட்டு அறைக்கே திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். பாசத்தால் இல்லை, நரம்பு கிடைக்காமல் கை வீங்கிய பெண்கள் டாக்டரம்மாவின் அறை வரை வரிசையில் நின்றார்கள். அதே வாரம்தான் கண்ணாடிக்கடைப் பெண்ணுக்குப் பதினாறு வாரம் முடிந்து, வயிற்றில் நீள ஊசி போட்டுப் பனிக்குட நீர் எடுத்தார்கள். படிவத்தை அவளே நிரப்பினாள். தொலைபேசி எண் அவளுடையது. அவசர முடிவு மூன்று நாளில் வரும் என்றார்கள்.

மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கொசுவின் அறைக்குள் வந்து, கை வைக்கும் நாற்காலியில் உட்கார்ந்தாள். பின்னாலேயே கணவனும் அம்மாவும் வாசலில் வந்து நின்றார்கள். முடிவை அவள் கடையிலேயே, தனியாக, சக்கரத்தை நிறுத்திவிட்டுப் படித்திருந்தாள். போனை மேசைமேல் வைத்தாள். குரோமோசோம் கணக்கு சரி. பிள்ளைக்கு அந்தக் கோளாறு இல்லை.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதே," என்று அம்மா வாசலிலிருந்தே கையைக் கூப்பினார். லிஃப்ட்காரன் ஒரு இனிப்புப் பெட்டியைத் திறந்து முதலில் கொசுவிடம் நீட்டினான். "எல்லாம் சரியாயிடுச்சுக்கா, எடுத்துக்கோங்க."

"மூடுங்க அதை," என்றாள் கண்ணாடிக்கடைப் பெண்.

அவன் பெட்டியைப் பிடித்தபடி நின்றான்.

"எல்லாம் சரியாயிடுச்சா? ரெண்டுல ஒண்ணு போயிருக்கு. அது வந்ததும் எனக்குத் தெரியாது, போனதும் தெரியாது. நீங்க அன்னிக்கே அழுது முடிச்சிருப்பீங்க. நான் எப்ப அழறது? ஸ்வீட் தின்னுட்டா?" அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "வெளிய நில்லுங்க. ரெண்டு பேரும். நான் கூப்பிடற வரைக்கும்."

கொசுவே எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். வாசலில் பன்னிரண்டு பேர் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும்.

"அந்தப் பழைய படிவம் இருக்காக்கா?"

இருந்தது. கொசு மஞ்சள் நகலை எடுத்து அவள் முன் வைத்தாள். அந்தப் பெண் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மேலிருந்து கீழே போன கோட்டைப் பார்த்தாள். கொசுவின் மேல்பையிலிருந்த பேனாவைக் கேட்காமலே எடுத்தாள். ஏழாம் கேள்விக்கு நேரே அந்தக் கோட்டை இரண்டு தரம் அடித்தாள். பக்கத்துக் கட்டத்தில், நிதானமாக, ஆம் என்று எழுதினாள். கீழே தன் கையெழுத்து, தேதி.

பிறகு கை வைக்கும் பலகையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். கொசு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். யாரோ கதவைத் தட்டினார்கள், இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டார்கள்.

"ஆகும்" என்றாள் கொசு.